நெஞ்சறிவுறுத்தல்: கடந்துவந்த இளமைக்குக் கூறும் அறிவுரை

1. பொருளும் எல்லையும்

முதிர்ந்த வயதினர் தம்முடைய பதின்மூன்று முதல் பத்தொன்பது வரையிலான வயதை நோக்கித் திரும்பி, அன்று தெரிந்திருக்க வேண்டியது இன்னது, அன்று அஞ்சாமல் இருந்திருக்க வேண்டியது இன்னதற்கு என்று கூறும் அறிவுரை, தோற்றத்தில் எளியதாயினும், அறிவுரைக்குரிய அடிப்படை இயல்பு ஒன்றிலிருந்து விலகி நிற்கிறது. அறிவுரைக்குச் சொல்வோர், கேட்போர், சொல்லப்படும் பொருள் என மூன்று உறுப்புகள் உண்டு. இவ்வகை அறிவுரையிலோ சொல்வோரும் கேட்போரும் ஒருவரே என்பதோடு, கேட்க வேண்டியவர் மீண்டு வர முடியாத காலத்தில் இருக்கிறார். எனவே, கேட்க இயலாத ஒருவருக்குக் கூறப்படும் சொல்லால் யாருக்கு என்ன பயன் என்பதே இச்சொற்பொழிவு எடுத்துக்கொள்ளும் வினா.

பதின்பருவம் என்று இன்று வழங்கும் சொல் புதியது. ஆனால் அப்பருவத்தின் விரைந்த மாற்றங்களைத் தமிழ் மரபு நுணுகிக் கண்டிருக்கிறது. செய்யுள் வகைகளின் இலக்கணத்தைக் கூறும் பாட்டியல் நூல்களின் மரபில் ஆடவர் பருவம் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன் என ஏழாகப் பகுக்கப்படுகிறது. அவற்றுள் பதினான்கு வயது வரை மறவோன், பதினைந்தில் திறலோன், பதினாறில் காளை என ஓராண்டுக்கு ஒரு பெயர் மாறுகிறது. அதற்குப் பிந்திய விடலைப் பருவமோ முப்பது வயது வரை நீள்கிறது. பெண்டிர்க்குரிய ஏழு பருவங்களுள்ளும் மங்கை என்பது பன்னிரண்டும் பதின்மூன்றும் ஆகிய இரண்டே ஆண்டுகளுக்குரிய பெயர். பதினைந்து வயதினரும் பதினாறு வயதினரும் ஒருவரல்லர் என்று உணர்ந்தோரே இவ்வாறு பகுத்திருக்க முடியும். திட்டமிடுதலுக்கும் தன்னை அடக்கிக்கொள்வதற்கும் துணைசெய்யும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது என்னும் இக்கால நரம்பியல் முடிவும், இப்பருவத்தை நிறைவடைந்த நிலையாக அன்றி நிகழ்ந்துகொண்டிருக்கும் நிலையாகவே காட்டுகிறது.

2. தன்னோடு பேசும் மரபு

ஒருவர் தம்மையே இரண்டாக்கி, ஒரு பாதி மற்றொரு பாதிக்கு எடுத்துரைப்பது தமிழுக்குப் புதியதன்று. அகப்பாடல்களில் தலைவனும் தலைவியும் தம் நெஞ்சை எதிரில் நிறுத்தி வினவுவதும் கடிந்துகொள்வதும் மிகப் பழைய மரபு. திருக்குறளின் காமத்துப்பாலில் 125ஆம் அதிகாரம் நெஞ்சொடு கிளத்தல் என்றும், 130ஆம் அதிகாரம் நெஞ்சொடு புலத்தல் என்றும் பெயர் பெற்றுள்ளன. கிளத்தல் என்பது எடுத்துச் சொல்லுதல், புலத்தல் என்பது உரிமையோடு ஊடிக் கடிந்துகொள்ளுதல். பிற்காலத்தில் இம்மரபு பக்தி நூல்களுக்குள்ளும் நுழைந்து, நெஞ்சைத் தூது விடுவதாகவும் நெஞ்சுக்கு அறிவு புகட்டுவதாகவும் அமைந்த சிற்றிலக்கியங்களைத் தந்தது. இராமலிங்க அடிகளின் திருவருட்பாவில் இடம்பெறும் நெஞ்சறிவுறுத்தல் என்னும் நெடும்பாட்டு அவ்வழியில் வந்த படைப்பாகும்.

இம்மரபில் கவனிக்கத்தக்க கூறு ஒன்று உண்டு. நெஞ்சுக்குச் சொல்லப்படும் சொல் நெஞ்சுக்குள்ளேயே அடங்கிவிடுவதில்லை. அது செய்யுளாகி, பிறர் காதில் விழும்படி அமைகிறது. தலைவி தன் நெஞ்சைக் கடியும்போது தோழி கேட்கிறாள், அடியவர் தம் நெஞ்சைக் கடியும்போது அவரைச் சூழ்ந்தோர் கேட்கிறார்கள். பேச்சு தன்னை நோக்கியதாயினும் பயன் கேட்டு நிற்பவருக்குச் சேர்கிறது. கடந்துவந்த இளமைக்குச் சொல்லும் அறிவுரையையும் இவ்வாறே கொள்ளுதல் தகும். அதன் முகவரி அன்றைய இளமையாயினும், அதைப் பெற்றுக்கொள்வோர் இன்று அதே வயதில் இருப்போர்.

3. ஆணையும் சாட்சியும்

இளையோருக்குக் கூறும் சொற்களை ஆணை என்றும் சாட்சி என்றும் இரு வகையாகப் பிரித்துக் காணலாம். ஆணை என்பது செய், செய்யாதே என்று முடிவை மட்டும் தருவது. சாட்சி என்பது சொல்வோர் தாம் கண்டதையும் பட்டதையும், அதில் தமக்கிருந்த அறியாமையையும் மறைக்காமல் எடுத்துவைப்பது. ஔவையாரின் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் முதல் வகையின் சிறந்த வடிவங்கள். பாரதியார் 110 வரிகளில் இயற்றிய புதிய ஆத்திசூடியும் அவ்வகையைச் சார்ந்ததே. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் குழந்தைக்குச் சுருங்கிய ஆணை பொருந்தும். அது நாவில் தங்கி, பொருள் பின்னர் விளங்கும். பதின்பருவத்தினரோ ஒவ்வொரு விதிக்கும் காரணம் கேட்கும் வயதினர். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் வீட்டிலும் பள்ளியிலும் தெருவிலும் அவர்கள் பெறுபவை பெரும்பாலும் ஆணைகள். தமக்கு முன் அவ்வயதைக் கடந்தவர்கள் எங்கே இடறினார்கள் என்பதை அவர்கள் அரிதாகவே கேட்கிறார்கள்.

சாட்சி ஏன் ஆணையினும் ஆழமாகக் கற்பிக்கிறது என்பதற்குத் தொண்டை நாட்டின் கடற்கரையிலேயே சான்று உண்டு. மாமல்லபுரத்தின் புகழ்பெற்ற தபசுச் சிற்பத்தைக் காண வருவோரில் பலர், அதற்குச் சற்றுத் தெற்கே அதே கருப்பொருளில் செதுக்கத் தொடங்கி முற்றுப்பெறாமல் விடப்பட்ட மற்றொரு பாறையைக் காணாமலே திரும்புகின்றனர். வலையன்குட்டை ரதமும் பிடாரி ரதங்களும் அவ்வாறே அரைகுறையாக நிற்பவை. ஐந்து ரதங்களிலும் வேலை முடியாத பகுதிகள் உள்ளன. பல்லவர் காலச் சிற்பிகள் ஒற்றைப் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி இறங்கிய முறையையும், பாறையின் முகத்தைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, கட்டங்களுக்கு இடையே பள்ளம் வெட்டிப் பின் மேட்டைத் தகர்த்த முறையையும் ஆய்வாளர்கள் அறிந்துகொள்ளத் துணைநின்றவை, உளியின் தடம் அழியாத இந்த முற்றுப்பெறாத பாறைகள்தாம். மெருகேறிய சிற்பம் வியப்பைத் தருகிறது. முடியாத சிற்பம் வேலையைக் கற்றுத் தருகிறது. 1957இல் மாமல்லபுரத்தில் தொடங்கப்பட்ட சிற்பப் பயிற்சி நிறுவனம் இன்று அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக வளர்ந்து நிற்கும் ஊரில், இந்த உண்மை உளி பிடிக்கக் கற்கும் ஒவ்வோர் இளைஞருக்கும் அருகிலேயே கிடக்கிறது. தம் இளமையைப் பற்றிப் பேசும் பெரியோர் மெருகேறிய தம் இன்றைய உருவத்தை மட்டும் காட்டுவதற்கும், உளித்தடம் தெரியும் அன்றைய பாறையைக் காட்டுவதற்கும் உள்ள வேறுபாடும் இதுவே.

4. இரண்டு கருங்குழிகள்

அவ்வாறு உளித்தடத்தைக் காட்டியவர் இராமலிங்க அடிகள். அவரைப் பற்றிக் கூறுமுன் ஊர்ப்பெயர் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். தமிழ்நாட்டில் கருங்குழி என்னும் பெயரில் வரலாற்றில் இடம்பெற்ற ஊர்கள் இரண்டு. ஒன்று, மதுராந்தகத்தை அடுத்துள்ள, இச்சொற்பொழிவு நிகழும் இந்தக் கருங்குழி. பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களில் படைகள் கைப்பற்ற முனைந்த கோட்டை இருந்த ஊர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியரின் தலைமையிடமாகவும் சில காலம் விளங்கிய ஊர். மற்றொன்று, வடலூரை அடுத்த கருங்குழி. இராமலிங்க அடிகள் சென்னையை விட்டு நீங்கிய பின், 1858 முதல் 1867 வரை வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கிப் பாடல்கள் இயற்றிய ஊர். பெயரொற்றுமையால் இவை சில வேளைகளில் மயங்கிக் கொள்ளப்படுவதுண்டு. ஊர் வேறாயினும், இந்தக் கருங்குழி அமைந்த தொண்டை நாட்டோடு அடிகளுக்கு உள்ள உறவு மெய்யானது. இளமையில் அவருக்குத் தமிழ் கற்பித்தவராக அறியப்படுபவர் காஞ்சிபுரம் மகாவித்துவான் சபாபதி முதலியார். இந்நாட்டின் சிறப்பைக் கூறும் தொண்டமண்டல சதகத்தை 1850களில் பதிப்பித்து வெளியிட்டவரும் அடிகளே.

கடந்துவந்த இளமையை ஒருவர் எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும் என்பதற்கு அடிகளின் வாழ்வில் மூன்று சான்றுகள் கிடைக்கின்றன. முதற்சான்று, 1854இல் அவர் எழுதி வெளிவந்த மனுமுறைகண்ட வாசகம் என்னும் உரைநடை நூல். மனுநீதிச் சோழனின் மகன் ஏறிச்சென்ற தேரின் காலில் ஒரு கன்று அகப்பட்டு இறந்த செய்தி அரசனுக்கு எட்டுகிறது. பிழை நேர்ந்தது இளைஞனின் தேரில். ஆயினும் அரசன் அச்செய்தியைக் கேட்டதும், இத்துயர் வந்து சேர்வதற்குத் தான் முன்பு என்ன குற்றம் செய்தேன் என்று தன்னையே அடுக்கடுக்காக வினவிக்கொள்வதாக அடிகள் எழுதிச் செல்கிறார். நல்லோரை நடுங்கச் செய்தது முதலாக ஒருவர் வாழ்நாளில் செய்யக்கூடிய தவறுகள் பலவும் அங்கே வினாக்களாக வரிசைப்படுகின்றன. இளையோரின் பிழையை முன்னிட்டுப் பெரியோர் முதலில் திறக்க வேண்டியது தம் கணக்கை என்பது அந்த வாசகத்தின் அமைப்பிலேயே பொதிந்த நீதி.

இரண்டாவது சான்று, ஆறாம் திருமுறையில் உள்ள பிள்ளைப் பெருவிண்ணப்பம். விண்ணப்பம் என்பது பணிந்து முறையிடுதல். பிள்ளை தந்தையிடம் முறையிடும் பாங்கில் அமைந்ததால் இப்பெயர் பெற்றது. அதில் அடிகள், தம் பன்னிரண்டாம் வயது தொடங்கி அன்றுவரை தமக்கு நேர்ந்தவற்றையெல்லாம் எண்ணிச் சொன்னால் முடிவே இராது என்று இறைவனிடம் கூறுகிறார். பின்னர் அவர் எடுத்துரைப்பவை அருஞ்செயல்கள் அல்ல, நடுக்கங்கள். நீரின்றி வாடிய பயிரைக் கண்டபோது உள்ளம் வாடியதும், பசியால் வீடுதோறும் இரந்தும் பசி நீங்காதோரைக் கண்டு பதைத்ததும், நோயுற்றோரைக் கண்டு துடித்ததும், உரத்த குரல் கேட்டு அஞ்சியதும் அங்கே ஒளிவின்றி இடம்பெறுகின்றன. இளம்பருவத்தில் பிறர் துன்பம் கண்டு எளிதில் கலங்குவோரை இவ்வளவு மென்மையாக இருந்தால் உலகில் பிழைக்க முடியாது என்று திருத்த முற்படுவது வழக்கம். அடிகளோ அந்தக் கலக்கத்தைக் குறையாகக் கருதி நீக்கிவிடவில்லை. 1867 மே மாதம் வடலூரில் பசித்தோர்க்கு உணவளிக்கத் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அணையா அடுப்பாக அதனை வளர்த்தெடுத்தார்.

மூன்றாவது சான்று எல்லாவற்றினும் வலியது. 1873 அக்டோபர் 22ஆம் நாள், மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் சன்மார்க்கக் கொடியை ஏற்றிவைத்து அவர் ஆற்றிய உரை பேருபதேசம் எனப்படுகிறது. அன்பர்களால் குறித்துவைக்கப்பட்டுப் பின்னர் அச்சேறியது. அப்போது அவருக்கு ஐம்பது வயது. அவ்வுரையில் அவர், தாம் முன்பு சைவ சமயத்தில் வைத்திருந்த பற்று அளவிட்டுச் சொல்ல முடியாதது என்றும், அதற்குத் தம் பழைய தோத்திரப் பாடல்களே சாட்சி என்றும், அவ்வளவு பற்று அன்று இருந்தமைக்குக் காரணம் தம் அறிவு அன்று சிறிதாக இருந்ததே என்றும் கூறுகிறார். தம்மை உயர்த்தியது அந்தப் பற்றன்று, தயவே என்பது அவர் காட்டும் முடிவு. தயவு என்பது எவ்வுயிரிடத்தும் கொள்ளும் கருணை. கூடியிருந்தோர் இடைவிடாமல் விசாரம் செய்ய வேண்டும் என்றும் அவர் வற்புறுத்துகிறார். விசாரம் என்பது இங்குக் கவலையைக் குறிக்காது, உண்மை எதுவெனத் தனக்குள் ஆராய்வதைக் குறிக்கும்.

இவ்விடத்தில் அடிகளின் செயலை நுணுகிக் காண வேண்டும். அந்தப் பழைய பாடல்கள், அன்பர்களின் பெருமுயற்சியால் தொழுவூர் வேலாயுத முதலியார் வகுத்த முறைப்படி 1867இல் அச்சாகி, மக்களிடையே பரவியிருந்தவை. அவற்றைப் பாடி உருகியோர் பலர் அந்தக் கூட்டத்திலேயே இருந்திருப்பர். அவர்கள் முன்னிலையில், அப்பாடல்களைப் பாடிய காலத்தில் தம் அறிவு சிறிது என்று சொல்வது எளிதன்று. அடிகள் தம் இளமைப் பாடல்களை அழிக்கச் சொல்லவில்லை, தமக்கு அப்படியொரு காலம் இருந்ததில்லை என்று காட்டிக்கொள்ளவுமில்லை. பழையதை அழியாமல் சாட்சியாக நிறுத்தியும், அதற்கு மேலான ஒன்றைத் துணிந்து சொல்லியும் அவர் நின்ற அந்த நிலையே, கடந்துவந்த இளமைக்கு அறிவுரை கூற ஒருவருக்குத் தகுதி தருவதாகும்.

5. முதுமையின் நேர்மை: உ.வே.சாமிநாதையர்

அடிகளின் சான்று ஆன்மிகத் துறைக்குரியது என்று ஒதுக்குவோருக்குக் கல்வித் துறையிலிருந்து மற்றொரு சான்று உண்டு. 1855இல் பிறந்த உ.வே.சாமிநாதையர், 1940 முதல் ஆனந்த விகடனில் என் சரித்திரம் என்னும் தன்வரலாற்றைத் தொடராக எழுதினார். 1942இல் அவர் மறைந்ததால் அது முற்றுப்பெறவில்லை. இளமையில் தமக்குக் கிடைத்த அறிவுரைகளை அவர் அதில் பதிந்துள்ளார். ஆங்கிலம் கற்றால் உத்தியோகம் கிடைக்கும், வடமொழி கற்றால் மறுமைக்கு நன்மை என்று கூறியோர் இருந்தனர். தந்தையார் மகன் சங்கீதத்தில் தேர்ச்சி பெற வேண்டும் என்று விரும்பினார். அவர்கள் அனைவரும் நல்லெண்ணம் உடையோர். அவ்வறிவுரைகளை அந்த இளைஞர் அப்படியே ஏற்றிருந்தால், 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பதினாறு வயதில் மாணவராகச் சேர்ந்திருக்க மாட்டார். பெரியோரின் நல்லெண்ணம் மட்டுமே அறிவுரையைச் சரியானதாக ஆக்கிவிடாது என்பது இதனால் பெறப்படுகிறது.

ஆனால் இளையோரின் பிடிவாதமே எப்போதும் சரி என்று அந்நூல் முடித்துவிடவுமில்லை. 1880இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தபோது, அவர் என்னென்ன நூல்கள் கற்றிருக்கிறீர்கள் என்று வினவ, சாமிநாதையர் தாம் பாடங்கேட்ட அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கலம்பகங்கள், புராணங்கள் என நீண்ட வரிசையைச் சொன்னார். அவ்வளவும் கேட்ட பின்னும் முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைக் கற்றதுண்டா என்பதே அவருடைய கேள்வி. பதினாறு வயது தொடங்கி ஆண்டுக்கணக்காக உழைத்துச் சேர்த்த கல்விக்கு வெளியே ஒரு பேருலகம் இருந்தது என்பதை அந்தக் கேள்வி காட்டியது. ஏழாண்டு கழித்து, 1887இல், அவருடைய சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது.

இந்நிகழ்ச்சியை எண்பத்தைந்து வயதை ஒட்டிய ஒரு பேரறிஞர், தமிழுலகம் முழுவதும் போற்றிய நிலையில், தம் அறியாமையை மறைக்காமல் எழுதினார் என்பதே நினைக்கத்தக்கது. தம் அந்தாதிக் காலத்தை அவர் இகழவுமில்லை. யாப்பு நுட்பமும் சொற்பெருக்கமும் பாடலை நினைவில் இருத்தும் பயிற்சியும் அக்காலத்தில் ஊறியவை. ஏட்டுச்சுவடியில் சிதைந்த ஓரடியைக் கண்டு ஓசை எங்கே தவறுகிறது என்று பிடிக்கும் ஆற்றல் அவருக்கு அங்கிருந்தே வந்தது. போதாத கல்வியும் வீணான கல்வியும் ஒன்றல்ல என்பதை இளையோருக்கு இதைவிடத் தெளிவாகக் காட்டும் வாழ்க்கை அரிது.

6. கேட்போரின் கடமை

இதுவரை கூறியவை சொல்வோரைப் பற்றியவை. இளமையின் வாக்குமூலத்தைக் கேட்போருக்கும் ஒரு கடமை உண்டு என்பதைக் காந்தியடிகளின் சத்திய சோதனை காட்டுகிறது. பதினைந்து வயதில், தமையனின் கடனை அடைப்பதற்காக அவருடைய காப்பிலிருந்து சிறிது பொன்னைத் திருடிய காந்தி, மனம் பொறாமல், குற்றத்தை ஒரு தாளில் எழுதி, தண்டனையும் கேட்டு, நோயுற்றுப் படுத்திருந்த தந்தையிடம் கொடுத்தார். தந்தை கடியவில்லை, படித்துக் கண்ணீர் விட்டார், பின்னர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டார். தண்டனை இல்லாத அந்த நொடியே தமக்கு அகிம்சையைக் கற்பித்த பாடம் என்று காந்தி பின்னாளில் எழுதினார். பெற்றோர் ஒருவர் அந்தத் தாளை எவ்வாறு வாங்கிக்கொள்கிறார் என்பதைப் பொறுத்தே, பிள்ளை மறுமுறை உண்மையை எழுதுமா, மறைக்குமா என்பது அமைகிறது.

7. சொல்லத்தக்கவை

மேற்கூறிய சான்றுகளிலிருந்து, கடந்துவந்த இளமைக்கும், அதன் வழியே இன்றைய இளமைக்கும் சொல்லத்தக்க சில சொற்கள் திரள்கின்றன. எழுதிய குறிப்பேட்டையும் வரைந்த படத்தையும் பிற்காலத்தில் நாணம் தரும் என்று அஞ்சி அழித்துவிட வேண்டா; அவை உளித்தடம் உள்ள பாறைகள், எவ்வாறு வளர்ந்தோம் என்பதை அவையன்றிக் காட்டுவார் இல்லை. ஒன்றின்மேல் கொள்ளும் பெரும்பற்றை ஒடுக்க வேண்டா. ஆனால் அதனுடன் விசாரத்தையும் துணையாக வைத்துக்கொள்ள வேண்டும். பற்று மாறும் நாள் வந்தால், மாறியதை நாலுபேர் முன் சொல்லும் துணிவு அந்த விசாரத்திலிருந்தே பிறக்கும். பிறர் துன்பம் கண்டு கலங்கும் உள்ளம் பலவீனம் என்று எவர் சொன்னாலும் நம்ப வேண்டா. இன்னதைக் கற்றதுண்டா என்று ஒருவர் கேட்கும் கேள்வி நோகச் செய்தாலும், அந்தக் கேள்வியைக் கைவிட வேண்டா. அதற்குள் ஒரு சிந்தாமணி இருக்கக்கூடும். பிழை நேர்ந்தால் அதை ஒருவரிடமேனும் சொல்லிவிட வேண்டும்.

பெரியோருக்குச் சொல்லத்தக்கது இதனினும் சுருக்கமானது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஓர் ஆணையை இடுவதற்கு முன், அதே வயதில் தமக்குத் தெரியாமல் இருந்தது ஒன்றை, அதற்குரிய சான்றுடன், அப்பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். அன்று தம் அறிவு சிறிதாக இருந்தது என்று ஐம்பது வயதில், தம் பாடல்களைப் பாடியோர் நடுவில் நின்று ஒருவர் சொல்ல முடிந்ததென்றால், ஒரு வீட்டின் திண்ணையில் தம் மகனிடமோ மகளிடமோ அதைச் சொல்வது எவருக்கும் இயலாததன்று.

அடிகள் தங்கிய கருங்குழி வேறு, கோட்டையின் நினைவைச் சுமக்கும் இக்கருங்குழி வேறு. ஆயினும் இவ்வூர்ப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் எட்டுவதற்கு ஊர் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை; அதைச் சொல்ல அவர்களுக்கு அருகில் ஒரு பெரியவர் இருந்தால் போதும். கேட்க வேண்டிய பழைய செவி காலத்தில் மறைந்துவிட்டது. புதிய செவி எதிரிலேயே அமர்ந்திருக்கிறது.